விசில் டீச்சரும் மூன்று வரிசைகளும்

விசில் டீச்சருக்குக் கோபம் வந்தால் விசில் ஊத மாட்டார். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டு டீச்சரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளும் விஷயம் அதுதான். சும்மா இருக்கும்போது காது கிழிய ஊதுவார். பந்து சாக்கடையில் விழுந்தால் ஊதுவார், தூறல் விழுந்தால் ஊதுவார். கோபம் வந்துவிட்டாலோ விசில் அது பாட்டுக்குக் கழுத்தில் தொங்கும், ஆள் வாயைத் திறக்காமல் நிற்பார். அப்போது மைதானமே கப்சிப் ஆகிவிடும்.

பஸ் கண்டக்டர் வீட்டில் நாலு பெண்களில் கடைசி அவர். வீட்டில் ஒரே குளியலறை. முதலில் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போடுகிறவளுக்குத்தான் வெந்நீர் மிஞ்சும். ஓட்டத்தில் தனக்குக் குரு அந்தக் குளியலறைதான் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பள்ளிக்கூடத்துக்காக ஓடினார், கல்லூரிக்காக ஓடினார், மூட்டு சவ்வு கிழிந்ததும் ஓட்டத்தை விட்டுவிட்டு விளையாட்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த மனுஷனுக்கு வாய் கொஞ்சம் நீளம். "எங்க வீட்டுல கரண்ட்டு என் கையில, ஷாக்கு அவ கையில" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

டீச்சர் ஓடியது எல்லாம் தொடர் ஓட்டம். நாலு பேர், ஒரு கட்டை. தனியாக ஓடி வாங்கிய பதக்கம் அவரிடம் ஒன்றுகூட இல்லை, அதில் அவருக்கு ஆசையும் இருந்ததில்லை. கட்டையை வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓடிக்கொண்டே கையைப் பின்னால் நீட்ட வேண்டும். வருகிறவள் சரியாகக் கொண்டுவந்து வைப்பாள் என்று நம்ப வேண்டும். பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுப்பது சுலபம், இந்த ஒன்றைக் கற்றுக்கொடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். மாவட்டப் போட்டிக்கு ஒரு நல்ல நால்வர் அணியைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. மூன்று பேர் அமைந்தால் நாலாமவள் அமைய மாட்டாள்.

அந்தப் பள்ளியில் சமய வகுப்பு என்று ஒரு பீரியட் உண்டு. மணி அடித்ததும் பிள்ளைகள் மதத்துக்கு ஒன்றாக இரண்டு வரிசையாகப் பிரிவார்கள். ஒரு வரிசை மாடி ஹாலுக்குப் போகும். அங்கே பாடம் எடுப்பவர் சர்க்கரை வாத்தியார். பேச்சும் தித்திப்பு, சட்டைப்பையில் மிட்டாயும் உண்டு. இன்னொரு வரிசை கீழே நீள அறைக்குப் போகும். அங்கே கம்பு வாத்தியார். கம்பை எடுத்து யாரையும் அடித்ததில்லை, மேஜைமேல் படுக்க வைத்திருப்பார், அவ்வளவுதான். அதற்கே முன்வரிசை நடுங்கும். இவருக்கு அவரைக் கண்டால் ஆகாது, அவருக்கு இவரைக் கண்டால் ஆகாது. ஆசிரியர் அறையில் மட்டும் ஒரே பிளாஸ்கிலிருந்து டீ குடிப்பார்கள்.

இரண்டிலும் சேராத பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். பெற்றவர்கள் எந்தப் பக்கமும் எழுதிக்கொடுக்காதவர்கள். அவர்களுக்கு என்று வாத்தியாரும் இல்லை, அறையும் இல்லை. அதனால் விளையாட்டுச் சாமான் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு மீதி வகுப்பு என்று பெயர். பெயரை யார் வைத்தது என்று தெரியாது, வருகைப் பதிவு கூப்பிடும் தலைமையாசிரியரே அப்படித்தான் கூப்பிடுவார். ஒருத்தி வெட்டுக்கிளி. கால்கள் இரண்டும் குச்சி, தரையில் நிற்கவே நிற்காது. இன்னொருத்தி சோடாபுட்டி. தடித்த கண்ணாடி, தடித்த சிரிப்பு. மூன்றாவது சோடாபுட்டியின் தம்பி, எப்போதும் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பொடியன்.

அந்த நேரத்தில் வேறு வேலை இல்லாத விசில் டீச்சர்தான் அவர்களுக்குக் காவல். பந்துக்குக் காற்றடிப்பார்கள், வலையில் சிக்கெடுப்பார்கள், பாய் அடுக்கின்மேல் ஏறிக் குதிப்பார்கள். டீச்சர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் இல்லை. காலையில் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்காமல் செருப்பை மாட்ட மாட்டார். ஆனால் அந்த மூன்றும் சிரிக்கிற சிரிப்பைக் கேட்கும்போது, மாடியிலும் கீழேயும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நினைத்துப் பாவமாக இருக்கும்.

ஒருநாள் தெருமுனையில் உடைந்த சாக்கடை மூடியில் கால் வைத்துக் கணுக்காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். மைதானத்தை இரண்டு வாத்தியார்களும் பார்த்துக்கொண்டார்கள். சமய வகுப்பு முடிந்த கையோடு விளையாட்டுப் பீரியட். பிள்ளைகள்தான் ஏற்கெனவே இரண்டு வரிசையாக நிற்கிறார்களே, மறுபடி கலைத்துச் சிவப்பு, பச்சை என்று எதற்குப் பிரிக்க வேண்டும்? மாடி ஒரு அணி, கீழே ஒரு அணி. வேலை மிச்சம். இப்படி ஒரு யோசனை பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்குத்தான் வரும், வேறு எந்தத் தொழில்காரருக்கும் வராது.

கட்டுப் பிரித்துத் திரும்பி வந்த டீச்சர் மைதானத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கபடி நடக்கவில்லை, சண்டை நடந்தது. போன பருவத்தில் ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்ட பிள்ளைகள் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று, வகுப்பில் சொல்லும் துதியையே கூச்சலாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே விழுந்த ஒரு பையனைப் பார்த்து எதிர் அணி முழுவதும் கைதட்டியது. மீதி வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரும் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பொடிப்பெண் ஒருத்தி ஓடிவந்து டீச்சரின் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், நீங்க மாடியா, கீழேயா?"

டீச்சர் விசிலை ஊதவில்லை.

தலைமையாசிரியரிடம் போனார். அவருக்கோ வாயெல்லாம் பல். பிள்ளைகளுக்கு இப்போது விளையாட்டில் என்ன வேகம், என்ன வெறி, பெற்றோர்கூட வேலியோரம் வந்து நின்று பார்க்கிறார்கள் என்றார். விளையாட்டு விழாவையும் இப்படியே நடத்தப் போவதாகவும், அதில் ஜெயிப்பவர்களில் இருந்துதான் மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். வெட்டுக்கிளிதான் பள்ளியிலேயே வேகமான கால், அவள் எந்த அணியில் ஓடுவாள் என்று டீச்சர் கேட்டார். அணி இல்லாவிட்டால் எப்படி ஓடுவது என்று அவர் திருப்பிக் கேட்டார், ஏதோ மழை பெய்தால் நனையத்தானே செய்யும் என்பதுபோல.

இந்தப் பேச்சு எப்படியோ வெளியே போய்விட்டது. மறுநாளே இரண்டு வாத்தியார்களுக்கும் மூக்கில் வேர்த்துவிட்டது. வருஷக்கணக்கில் சாமான் அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள், பாய் அடுக்குக்கு முன்னால் வந்து நின்றார்கள். கம்பு வாத்தியார் கம்பில்லாமல் வந்தார். சிரிக்க முயற்சி செய்தார், பாவம், பழக்கமில்லை. சர்க்கரை வாத்தியார் குனிந்து வெட்டுக்கிளியின் தலையைத் தடவி, உள்ளங்கையில் மிட்டாயை வைத்து மூடினார். சோடாபுட்டியும் தம்பியும் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்களுக்கு ஓட வராது, அதனால் மிட்டாயும் வரவில்லை.

வெட்டுக்கிளியின் அப்பா சைக்கிள் கடைக்காரர். அவரும் மனைவியும் வேறு வேறு மதம். வளர்ந்தபிறகு அவளே முடிவு செய்யட்டும் என்று பள்ளியில் சேர்க்கும்போதே சொன்னவர். விசில் டீச்சர் கடைக்கே போய், இரண்டு வாத்தியார்களும் அவளைக் கூப்பிடுவதைச் சொன்னார். மனுஷன் ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் கோணல் பார்த்தார்.

"போகட்டும் டீச்சர். நாங்க ரெண்டு பேரும் எந்தப் பக்கமும் இல்லாம ரொம்ப நாள் இருந்துட்டோம். அது எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும். பிள்ளைக்காவது ஒரு கூட்டம் இருக்கட்டுமே."

விழா முடிகிறவரைதானே, பிறகு பந்துக்குக் காற்றடிக்கத் திரும்பி வந்துவிடுவாள் என்று டீச்சரும் தலையாட்டினார். வெட்டுக்கிளி மாடிப்படி ஏறினாள்.

விளையாட்டுப் பீரியடுக்குப் பிள்ளைகளை அழைத்துவர ஒருநாள் டீச்சர் மாடிக்குப் போனார். வகுப்பு முடியவில்லை, கதவோரம் நின்றார். சர்க்கரை வாத்தியாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாரம் ஒருமுறை பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, கடவுளுக்காக இந்த வாரம் எதை விட்டோம் என்று சொல்ல வேண்டும். ஒருவன் ஐஸ்கிரீமை விட்டிருந்தான். ஒருத்தி டிவியை விட்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டு. வெட்டுக்கிளி எழுந்தாள்.

"நான் சோடாபுட்டிகூட உக்காந்து சாப்பிடறதை விட்டுட்டேன்."

ஹால் அதிரக் கைதட்டினார்கள். சர்க்கரை வாத்தியாரின் கண் கலங்கிவிட்டது. பாடத்தையும் அப்படியே கலங்கின குரலில் முடித்தார்.

"யாரையும் வெறுக்கக் கூடாது கண்ணுங்களா. அவங்க பாவம், அவங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்ல. நாம அவங்களுக்காக வேண்டிக்கலாம். ஆனா அவங்க தொட்டதை நாம தொட வேணாம், அவ்வளவுதான்."

கம்பு வாத்தியாரின் கம்பே தேவலை என்று டீச்சருக்குத் தோன்றியது. அது கம்பு என்றாவது பார்த்தால் தெரியும். இந்த ஆள் பிள்ளைகளின் வாயில் மிட்டாயையும் விஷத்தையும் ஒரே காகிதத்தில் சுற்றிப் போடுகிறார், அதுகளும் சப்புக்கொட்டுகின்றன. அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார். என்ன விஷயம் என்று கணவர் கேட்டதற்கு, நாற்றம் போகமாட்டேன் என்கிறது என்றார். கணவருக்குக்கூட அன்றைக்குக் கிண்டல் வரவில்லை.

விழாவில் வெட்டுக்கிளி பறந்தாள். ஓடிய எல்லாவற்றிலும் முதலிடம். மாடிக்குத்தான் கேடயம். சர்க்கரை வாத்தியார் மைக்கைப் பிடித்து, இது கால் ஓடிய ஓட்டமில்லை, பிரார்த்தனை ஓடிய ஓட்டம் என்றார். அது மூன்று வருஷமாக சாமான் அறை வாசலில் ஓடிப் பழகிய கால் என்று சொல்ல மைக் விசில் டீச்சரிடம் இல்லை.

போகட்டும், அணி கிடைத்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். வெட்டுக்கிளி, மாடியில் இருந்து இன்னொருத்தி, கீழேயிருந்து இரண்டு பேர். நாலும் நல்ல கால்கள். டீச்சர் வாழ்நாளெல்லாம் தேடிய நால்வர் அதோ கோட்டில் நின்றார்கள். கடைசி ஓட்டம் வெட்டுக்கிளிக்கு. அவளிடம் கட்டையைக் கொடுக்க வேண்டியவள் கீழ் அணியின் நெட்டைப் பெண்.

முதல் நாள் பயிற்சி. நெட்டைப்பெண் அருமையாக ஓடி வந்தாள். வெட்டுக்கிளி புறப்பட்டாள். ஆனால் கையைப் பின்னால் நீட்டவில்லை. கட்டை தரையில் விழுந்து உருண்டது. மறுபடி ஓடச் சொன்னார். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்ததும் டீச்சர் அவளைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டார். பயமா, கை வலியா?

"இல்ல டீச்சர். அவ தொட்ட கட்டையை நான் வாங்க மாட்டேன்."

சொல்லும்போது அந்தக் குரலில் கோபம் இல்லை, திமிரும் இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல். டீச்சர் அவள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தார். கணுக்கால் சுரீர் என்றது. இது வெறும் மரக்கட்டை, கை மாறுவதற்காகவே செய்தது என்றார். சோடாபுட்டியோடு சேர்ந்து நீ காற்றடித்த பந்தை எத்தனை பேர் தொட்டார்கள், உன் அப்பா கடையில் எத்தனை பேருடைய சைக்கிளைத் தொட்டுச் சரிசெய்கிறார், அவர் கை என்ன ஆயிற்று என்று கேட்டார். தெரிந்த வார்த்தைகளையெல்லாம் சொல்லிப் பார்த்தார். குழந்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டது, நோயாளி பேசுவதைக் கேட்கிற மாதிரி.

"அப்படின்னா நீ ஓட முடியாதும்மா. மாவட்டப் போட்டி போயிடும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல டீச்சர்" என்றது அந்தப் பத்து வயது வாய். "நான் உங்களுக்காக வேண்டிக்கிறேன்."

டீச்சர் கை ஓங்கவில்லை, ஓங்கியிருந்தால்கூட அது அந்தக் கன்னத்துக்குப் போயிருக்காது. மாடி ஹாலைப் பார்த்துத்தான் போயிருக்கும். நெட்டைப்பெண் தூரத்தில் நின்று தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதுபோல. அதைப் பார்க்கத்தான் டீச்சருக்குத் தாங்கவில்லை. அவளை அணைத்துக்கொண்டு, உன் கையில் ஒன்றும் இல்லை கண்ணு என்றார். அவளுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

வேறொருத்தியைப் போட்டு அணியைக் கொண்டுபோனார், முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். அடுத்த வாரம் காலைக் கூட்டத்தில் சர்க்கரை வாத்தியார் வெட்டுக்கிளியை மேடைக்கு அழைத்தார். இந்தச் சின்ன வயதில் மாவட்டப் போட்டியையே விட்டுக்கொடுத்த பிள்ளை என்று தோளில் கைவைத்துச் சொன்னார். தலைமையாசிரியர் தலையை ஆட்டினார். கூட்டத்தின் ஓரத்தில் அவள் அப்பா நின்றிருந்தார், கிரீஸ் படிந்த கையோடு, முகமெல்லாம் பெருமை.

எதை விட்டாள், எதற்காக விட்டாள் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. மாடிக்காரர்கள் கைதட்டினார்கள். கீழ்க்காரர்களில் சிலர் தட்டினார்கள். எல்லாரையும்விட ஓங்கித் தட்டியவள் கடைசி வரிசையில், தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எக்கி எக்கிப் பார்த்த சோடாபுட்டி. தன் சிநேகிதி மேடையில் நிற்கிறாள் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவன் கைகள் இரண்டையும் பிடித்து அவனையும் தட்ட வைத்தாள்.