மூன்றாவது குவார்ட்டரில் வந்த போன்

போன சனிக்கிழமை மதியம் எங்கள் ஹோட்டலுக்கு இருபது பேர் ஒரே கூட்டமாக வந்தார்கள். எல்லாரும் பச்சை பனியன். முகத்திலும் பச்சைச் சாயம். பாதிப் பேர் நம்ம பிள்ளைகள், பாதிப் பேர் அமெரிக்கப் பிள்ளைகள். தேறவே தேறாது என்று எல்லாரும் கைகழுவிவிட்ட காலேஜ் டீம் ஏதோ ஒரு பௌல் கேமில் ஜெயித்துவிட்டதாம். பரிமாறுகிற பெண் வந்து சொன்னாள். நான் அடுப்படியில் புரோட்டா போடுகிறவன். எனக்குச் சத்தம் மட்டும்தான் வந்தது.

அவர்கள் போன பிறகு தட்டுகள் உள்ளே வந்தன. மேலே கசக்கிப் போட்ட டிஷ்யூ. எல்லாவற்றிலும் பச்சை. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். மெழுகு வாசனை. சின்னப் பிள்ளைகள் படத்துக்கு வண்ணம் தீட்டுகிற குச்சியின் வாசனை. தட்டு கழுவுகிற இடத்தில் நின்று எச்சில் டிஷ்யூவை மோந்து பார்க்கிற ஆளை யார் சும்மா விடுவார்கள்.

“என்ன மாஸ்டர், ரொம்பப் பசியா?” என்றான் பக்கத்தில் நின்ற தோசை மாஸ்டர்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு மாவுப் பக்கம் போய்விட்டேன். ஆனால் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

நான் படித்தது எட்டாவது. எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விருதுநகர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் புரோட்டா போட்டுக்கொண்டிருந்தேன். சமையல்காரன் என்று காகிதம் போட்டு டெக்சாஸுக்குக் கூட்டிவந்தார்கள். ஃபிரிஸ்கோ வந்து முதல் ஒரு வருஷம் நான் பார்த்த அமெரிக்கா ஹோட்டல் பின்வாசலும் அப்பார்ட்மென்ட் முன்வாசலும்தான். பிறகு என் தம்பி சரவணன் வந்தான். எனக்குப் பத்து வயது இளையவன். படிப்பு ஏறிய பிள்ளை. நாலு மணி நேர தூரத்தில் ஒரு காலேஜில் மேல்படிப்பு முடித்தான். பக்கத்து ஊரிலேயே வேலை கிடைத்து என்னோடு வந்து தங்கினான்.

படிப்போடு ஒரு பைத்தியத்தையும் கொண்டுவந்தான். அந்தக் காலேஜின் ஃபுட்பால் டீம். நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி ஓடுகிற அமெரிக்க ஆட்டம். சனிக்கிழமை ஆனால் பச்சை பனியனைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்காருவான். அவர்கள் தோற்பார்கள். மறு வாரம் உட்காருவான். மறுபடி தோற்பார்கள்.

“தோக்குற டீமுக்கு எதுக்குடா தொண்டையக் கிழிக்கிற?” என்று கேட்டேன்.

“ஜெயிக்கிற டீமுக்குக் கத்த ஆயிரம் பேர் இருக்கான்ணே. இவனுகளுக்கு யாரு இருக்கா?”

எனக்கும் சொல்லிக்கொடுத்தான். “நாலு தடவைக்குள்ள பத்து கஜம் போயிரணும்ணே. போயிட்டா மறுபடி நாலு தடவ.”

“போகலன்னா?”

“பந்த அவன்ட்ட குடுத்துட்டு வந்துரணும்.”

நடுவில் சந்தேகம் வந்தால் இரண்டு பேர் சங்கிலியோடு ஓடிவந்து அளப்பார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. எங்கள் ஊரில் வரப்புத் தகராறுக்கு சர்வேயர் வருகிற மாதிரியே இருக்கும். இவ்வளவு பெரிய தேசத்தில் ஒரு சாண் நிலத்துக்கு இத்தனை தடியர்கள் முட்டிக்கொள்கிறார்களே என்று சிரிப்பாகவும் இருக்கும். சிரித்துக்கொண்டே நானும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஸ்பீக்கரில் பேசும்போது இவன் ஆட்டத்தைச் சொல்வான். அம்மா கேட்டுவிட்டு, “அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கஞ்சி ஊத்தலயாடா?” என்று கேட்கும்.

அந்த வருஷம் எப்படியோ பௌல் கேமுக்குத் தேறிவிட்டார்கள். சீசன் முடிந்த பிறகு, டிசம்பரில், நல்லா ஆடின டீம்களைக் கூப்பிட்டு நடத்துகிற கடைசி ஆட்டம் அது. எதிர் டீம் பெரிய இடம். நம்ம ஆட்கள் சும்மா போய் அடிவாங்கிவிட்டு வருவார்கள் என்று டிவியில் கோட்டு போட்டவர்கள் பேசினார்கள். ஸ்டேடியம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். சரவணன் எனக்கும் டிக்கெட் எடுத்துவிட்டான்.

ஆட்டத்துக்கு முன்னால் கார் நிறுத்துகிற இடத்திலேயே அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிடுவது இங்கே வழக்கம். டெயில்கேட் என்பார்கள். நான் கல்லும் கேஸ் அடுப்பும் பிசைந்த மாவும் கொண்டுபோயிருந்தேன். மாவை வீசியதும் பக்கத்துக் காரில் கறி சுட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றுவிட்டார்கள். தொப்பி போட்ட ஒரு பெரியவர் நாலாவது தடவையும் தட்டை நீட்டினார். வெள்ளைக்காரர்கள் சால்னாவைக் குழந்தை மாதிரி நக்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரவணன் மட்டும் தொடவில்லை. முந்தின நாள் ராத்திரியிலிருந்தே பட்டினி.

“ஜெயிச்சாத்தாண்ணே சோறு. வேண்டியிருக்கேன்.”

“எந்த சாமிக்குடா?”

“எல்லா சாமிக்கும்தான். எது கேக்குதோ கேக்கட்டும்.”

அவனும் கூட்டாளிகள் மூன்று பேரும் சட்டையைக் கழற்றி இடுப்புக்கு மேலே பச்சை பூசிக்கொண்டார்கள். டிசம்பர் குளிரில். போன் வைக்க இடமில்லை என்று நாலு பேரும் என் பையில் போட்டார்கள்.

ஆட்டத்தை நாலு குவார்ட்டராக ஆடுவார்கள். மூன்றாவது குவார்ட்டரில் நம்ம டீம் ஆறு, அவர்கள் இருபத்துநாலு. அப்போது என் போன் அடித்தது. அக்கா. ஊரில் ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் மூன்று மணி இருக்கும். அந்த நேரத்துக்கு வருகிற போனை எடுப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். படியேறிக் கக்கூஸ் பக்கம் போய் எடுத்தேன்.

“தம்பி, அம்மா போயிருச்சுடா. தண்ணி குடிக்க எந்திரிச்சுச்சு. அப்படியே உக்காந்துருச்சு.”

ஆட்டத்துச் சத்தத்துக்கு இன்னொரு காதைப் பொத்திக்கொண்டேன்.

“சரவணன் போன எடுக்க மாட்டேங்கறான். சொல்லிரு. அவந்தான கொள்ளி வைக்கணும். உடனே பொறப்படச் சொல்லு.”

“சொல்றேன்கா.”

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். எங்கள் பக்கத்து முறை. எப்படியும் நான் போக முடியாது. என் விசா காகிதம் பாதியில் நின்றது. போனால் திரும்ப விடமாட்டார்கள். அவன் போகலாம். பையில் அவன் போன் மறுபடி மினுங்கியது. அக்கா வீட்டுக்காரர். நான் அதை அணைத்துவைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அப்பா செத்த அன்று எனக்குப் பதினேழு வயது. கடையில் கல்லுக்கு முன்னால் நின்றேன். ஊரிலிருந்து ஆள் வந்து முதலாளி காதில் ஏதோ சொன்னார். முதலாளி என்னை உட்காரவைத்து இலை போட்டார். “மொதல்ல சாப்பிடுடா” என்றார். நாலு புரோட்டா, ஒரு ஆம்லெட். என்றைக்கும் இல்லாத மரியாதை. நானும் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். கை கழுவின பிறகுதான் சொன்னார். எடுக்கிற வரை வீட்டில் உலை வைக்கமாட்டார்கள், பிள்ளை பட்டினி கிடக்குமே என்று சோறு போட்டு அனுப்பின மனுஷன். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரவணன் ஒரு நாள் பட்டினியில் இருந்தான். எப்படியும் அரை மணி நேரத்தில் தோற்றுவிடுவார்கள். சாப்பிட வைத்துவிட்டுச் சொல்லலாம். பிளேன் எப்போதும் இருக்கும். இப்படி நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

“எங்கண்ணே போன?”

“கக்கூஸ்.”

அவர்கள் தோற்கவில்லை. அதுதான் வந்த வினை. தோற்கவே பிறந்த பையன்கள் அன்றைக்கு எழுந்து நின்றார்கள். பதிமூன்று ஆயிற்று. இருபது ஆயிற்று. கடைசி ஒரு நிமிஷத்தில் நாலாவது தடவை, பின்னால் தள்ளப்பட்டதில் பத்துக்குப் பதில் பதினேழு கஜம் போக வேண்டும். பந்தை வீசினான் ஒரு பையன். மூலையில் ஒருவன் விழுந்து பிடித்தான். இருபத்தாறு.

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு கிழவி என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சரவணன் என்னைத் தூக்கிச் சுற்றினான். என் சட்டை பூராவும் பச்சை.

“ஜெயிச்சுட்டோம்ணே! போன குடு, அம்மாட்ட சொல்லணும்.”

“சார்ஜ் இல்லடா. மொதல்ல சாப்பிடு.”

கார் நிறுத்தின இடத்தில் ஊரே ஆடியது. கல்லைப் பற்றவைத்தேன். அவன் நின்றுகொண்டே தின்றான். வாயில் புரோட்டாவோடு, “பட்டினி கெடந்தத மட்டும் அம்மாட்ட சொல்லிராத. பந்துக்காடா பட்டினி கெடந்தன்னு வெளக்குமாத்த எடுக்கும்” என்றான். நான் இன்னொன்று போட்டேன். அவன் கை கழுவும் வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

அவன் கத்தவில்லை. முகத்தில் பச்சை காய்ந்து வெடித்திருந்தது.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“மூணாவது குவார்ட்டர்ல.”

அந்த ஆட்டத்தின் கணக்கை நான் தப்பில்லாமல் சொன்னது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குப் போய் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போனோம். அவன் காதுக்குப் பின்னால் பச்சை போகவே இல்லை. இருபது நிமிஷத்துக்கு முன்னால் கவுண்டரை மூடிவிட்டார்கள். பிளேன் அங்கேதான் நின்றது, கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கவுண்டர் பெண்ணிடம் அவன் இங்கிலீஷில் கெஞ்சினான். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை மதர். அவள் சாரி, சாரி என்றாள். அடுத்தது மறுநாள் சாயங்காலம்.

ஊரில் திங்கட்கிழமை சாயங்காலம் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் சொந்தக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். மறுநாள் காலை பாலும் ஊற்றிவிட்டார்கள். இவன் மதியம் போய் இறங்கினான். முதல் பிளேனைப் பிடித்திருந்தால் திங்கட்கிழமை மதியமே போயிருப்பான். அம்மா முகத்தைப் பார்த்திருப்பான்.

பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பினான். தலை மொட்டை. நான் சமைத்ததைத் தொடவில்லை. ஒரு வாரம் பொறுத்து என்னிடம் வந்து போனை நீட்டினான். முன்வரிசையில் நின்ற யாரோ எடுத்துக் கூட்டாளி ஒருவனுக்கு அனுப்பிய வீடியோ. அந்தக் கடைசிப் பந்து. இவன் ஆடுகிறான். இவனுக்குப் பின்னால் ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதிக்கிறான். வாய் காதுவரைக்கும். கழுத்தில் பை ஆடுகிறது.

“நான் தெரியாமக் குதிச்சேன். நீ தெரிஞ்சே குதிச்சியேண்ணே.”

பசி, அப்பா, முதலாளி எல்லாம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வீடியோ மறுபடி முதலிலிருந்து ஓடியது. போனை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் நியூ ஜெர்சிக்கு வேலை மாற்றிக்கொண்டு போனான். அங்கேதான் கல்யாணம், குழந்தை எல்லாம். எல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். போன வருஷம் அக்காவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அவனுக்குப் போன் போட்டேன். எடுத்தான். சொன்னேன். பின்னால் குழந்தைகள் பாட்டு கேட்டது.

“பாப்பாவுக்குக் கேக் வெட்டிக்கிட்டு இருக்கோம்ணே. ஒரு அர மணி நேரம் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?”

தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். பாட்டு முடிந்து கைதட்டினார்கள். “சரி, நான் அக்காட்ட பேசிக்கிறேன்” என்று வைத்துவிட்டான். அக்கா பிழைத்துக்கொண்டது.

அவன் வீடியோவைக் காட்டியபோது சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். பசி பொய்யில்லை. ஆனால் இருபது ஆன பிறகு எனக்கு அவன் பசி ஞாபகம் இல்லை. எனக்கும் ஜெயிக்க வேண்டியிருந்தது. பந்து மேலே போனபோது அம்மா செத்தது மறந்தே போயிற்று. கீழே வந்து விழுகிற வரைக்கும் மறந்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இருந்ததில்லை.

விருதுநகர் வீட்டை வாங்கினவர்கள் இடித்துக் கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் கிடையாது. இரண்டு பேர் இருந்த அப்பார்ட்மென்டை விட்டு ஒற்றை ரூமுக்கு வந்து ரொம்ப நாளாயிற்று. போன சனிக்கிழமை ஜெயித்தது வேறு காலேஜ்; சரவணன் காலேஜ் வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருக்கிறது. அவன் இப்போது பார்ப்பதில்லை என்று அக்கா சொன்னது. நானும் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் மாவு வீசுகிறேன். அவர்களுக்குக் கத்த எங்கள் வீட்டில் யாரும் இல்லை.