வாய் தவறி நட்ட வாழை

நயா பைசா புதிதாக வந்திருந்த காலம். லால்குடிப் பக்கம் எனக்குக் கொஞ்சம் வாழை இருந்தது. ஒரு வருடம் கொள்ளிடத்து வெள்ளம் அதைக் கொண்டு போனது. மறு வருடம் தார் முற்றும் நேரத்தில் வைகாசிக் காற்று அத்தனை மரங்களையும் சாய்த்துவிட்டது. என்னைப் போல் பதறியவர் ஊரில் யாரும் இல்லை. மாடு கத்தினால்கூட, "அதுவும் போச்சா?" என்று எழுந்து ஓடினேன். வீட்டில் மூன்று வேளையும் வாழைக்காய்தான்.

அலுத்துப்போய், திருச்சியில் ஜவுளிக்கடை வைத்திருந்த மைத்துனரிடம் வேலை கேட்கப் பஸ் ஏறினேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று விழுந்த காயில் ஒரு சீப்பு எடுத்துக்கொண்டேன். கெஞ்சுவதற்கான வசனத்தைக் காவேரிப் பாலம் வரை ஒத்திகை பார்த்தேன்.

மைத்துனர் காயை வாங்கி வைத்தார். "மரமெல்லாம் சாஞ்சிடுச்சாமே மச்சான். இனிமே என்ன செய்யப் போறீங்க?"

வசனம் வர வேண்டிய இடம் அதுதான். என் வாயோ, "பக்கக் கன்னு நல்லா கெளம்பியிருக்கு. சாஞ்சதை வெட்டிட்டு எரு வச்சா பங்குனியில தார் வந்துடும்" என்றது.

"அப்ப கவலையில்ல" என்று காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதற்குமேல் எந்த முகத்தோடு வேலை கேட்பது?

ஊர் திரும்பியதும் வாசலிலேயே மனைவி கேட்டாள். "வேலை கெடச்சுதா?"

"கெடச்சுது."

"எங்க?"

"நம்ம கொல்லையிலதான்."

அவள் சிரிக்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

துணிச்சல் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மனசு கொல்லையை விட்டு ஓடிய பிறகும், வாய் மட்டும் பழக்க தோஷத்தில் அங்கேயே நின்றிருந்தது. நானும் போய் அதோடு நின்றுகொண்டேன், அவ்வளவுதான்.