இலையில் இடம் கிடைக்காத மல்லாட்டை

என் மனைவியின் முதல் வருடத் திதி சென்ற ஐப்பசியில் வந்தது. பிள்ளைகள் இல்லாததால் நானே செய்தேன். எங்கள் வீட்டுத் திதிச் சமையலில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு கிடையாது. காரத்துக்கு மிளகு மட்டும். ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டங்களைக் கைப்பற்றிய பின் கப்பலேறி வந்தவை இவை என்று கல்லூரியில் ஆண்டுதோறும் பாடம் சொன்னவன் நான். அந்தப் பாடம் என் வீட்டு அடுப்படிக்கு வரும் என்று நினைத்ததில்லை.

அன்று காலை கீழ்பென்னாத்தூரிலிருந்து மனைவியின் அக்கா, எங்கள் செங்கம் சாலை வீட்டுக்கு வந்தார். பையில், தம் நிலத்தில் பிடுங்கி அவித்த மல்லாட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கடைசி மாதங்களில் சோற்றை ஒதுக்கிய மனைவி, அதை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். இலையில் ஒரு பிடியாவது வைக்க வேண்டும் என்றார் அக்கா. நானும் அதையே விரும்பினேன்.

புரோகிதர் தயங்கினார், வழக்கத்தில் இல்லை என்றார். சமையலில் இருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் காட்டி, அதுவும் மல்லாட்டை வந்த அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், அதற்கு இடமுண்டென்றால் இதற்கும் உண்டு என்று விளக்கினேன். வகுப்பறைக் குரல் தானாகவே வந்துவிட்டது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சமையற்காரரிடம் அந்தக் கிழங்கையும் எடுத்துவிடச் சொன்னார்.

"இத்தன நாளா தெரியாம வெச்சோம், சார். இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. தெரிஞ்சப்புறம் எப்படி வைக்கிறது?"

தர்க்கம் என்னுடையது.

"சும்மா இருந்திருந்தா கிழங்காவது மிஞ்சியிருக்கும், தம்பி," என்றார் அக்கா. "அவ இருந்திருந்தா உங்கள பேசவே விட்டிருக்கமாட்டா."

சடங்கு நடந்தது. மிளகாயை அறியாத காலத்து முன்னோருக்கு அந்த இலை பொருந்தியிருக்கும். மிளகாய்த்தூள் இல்லாமல் மோர்கூடக் குடிக்காதவளுக்கு? அவர்கள் வரிசையில் சேர்ந்ததும் நாக்கு மாறிவிடுமா? அந்தக் கப்பல்களால் அங்கே அழிந்த மக்களை எண்ணினால், அந்தப் பயிர்கள் இங்கே வந்தது நல்லது என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் பிறந்த வீட்டு நிலத்தில் விளைந்ததை அந்நியம் என்று சொல்லவும் வரவில்லை.

பிற்பகலில் அக்கா பின்கட்டில் உட்கார்ந்து மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கென்று அவித்ததை நாம் தின்னலாமா என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியல. கைய நீட்டுங்க."

நீட்டினேன். பருப்புகள் ஆறிப்போய் ஈரமாக இருந்தன. வாயில் போடுவதா, இலை இருந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பதா என்று தெரியாமல் நின்றேன்.