நாவலின் பின்பாதி

ஆர்டர் இல்லாத கோடை ஒன்று எங்கள் கம்பெனிக்கு வந்தது. நல்லூரில் இருக்கும் சின்ன பனியன் கம்பெனி. நான் அங்கே செக்கிங். தைத்து வரும் பனியனில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, தொங்கும் நூலை டிரிம்மரால் வெட்டிப் போடுவது என் வேலை. ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் மத்தியானத்துக்கு மேல் பீஸே வராது. எந்த நேரமும் துணி வந்துவிடும் என்று சொல்லி வீட்டுக்கும் விடமாட்டார்கள். எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் கவலைதான். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு சந்தோஷமான கோடை எனக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

காரணம், துணிகளைச் சேர்த்து ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் இருந்த ஒருத்தி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த ஒரு தடி நாவலை ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்தாள். அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. என்ன பெயர், யார் எழுதியது, ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் படித்ததெல்லாம் பனியன் கழுத்தில் வைக்கிற லேபிள்தான். "இத்தாம் பெருசை யாரு கண்ணு படிப்பா?" என்று கேலி செய்தேன். மறுநாளே அவள் கையிலிருந்து பிடுங்கிப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே வீட்டில் இருபது வருஷமாகப் பேசிக்கொள்ளாத ஒரு அக்கா தங்கையின் கதை. நான் அக்கா கட்சி, அவள் தங்கை கட்சி. துணி விரிக்காமல் காலியாகக் கிடந்த கட்டிங் டேபிளில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டு சண்டை போடுவோம். வேலை நாளில் அதில் கை ஊன்றினாலே கட்டிங் மாஸ்டர் கத்துவார். அந்தக் கோடையில் அவரும் ஓர் ஓரமாக உட்கார்ந்து, "அப்புறம் என்னங்க ஆச்சு?" என்று கேட்பார்.

அவள் உதட்டை அசைத்து எழுத்து எழுத்தாகப் படிப்பாள். எனக்கோ பொறுமை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாதி வரை ஓடிவிட்டேன். திங்கட்கிழமை புத்தகம் யாருக்கு என்று தகராறு. கோபத்தில் டிரிம்மரை எடுத்து முதுகுத் தையலை வெட்டிவிட்டேன். எந்த நூலை வெட்டினால் எது பிரியும் என்று எனக்குத் தெரியாதா? நாவல் இரண்டாக வந்துவிட்டது. முன்பாதி அவளுக்கு, பின்பாதி எனக்கு. முதலில் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டு, "படிச்சு முடிச்சதும் நானே ஓவர்லாக் அடிச்சுத் தாரேன்க்கா" என்றாள்.

வைகாசியில் அவள் ஊரில் கோயில் கொடைத் திருவிழா. ஒரு வாரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் படிக்க முன்பாதியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நான் அதற்குள் கடைசிப் பக்கம் வரை முடித்திருந்தேன். "முடிவை மட்டும் சொல்லிராதீங்க. வந்து படிச்சுக்கிடுதேன்" என்றாள்.

ஒரு வாரம் மாதங்களானது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள், பிறகு இங்கே ஆர்டர் வரட்டும் என்றாள். ஆர்டர் வந்தது. கட்டிங் டேபிளில் மறுபடி துணி விரித்தார்கள். அவள் மிஷினில் இப்போது ஒரு ஒடிசாப் பெண் இருக்கிறாள். கெட்டிக்காரி, அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் பார்க்காமலே போய்வருகிறேன்.

பின்பாதியை ஒரு கொரியரில் போட எனக்கு எத்தனை நேரம் ஆகும்? போடவில்லை. அது என்னிடம் இருக்கும் வரை அவள் வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கெட்ட புத்திதான். ஞாயிறுதோறும் போனில் பேசும்போது அவளும், "சொல்லிராதீங்க என்ன" என்று தவறாமல் சொல்வாள். அதைக் கேட்டால்தான் எனக்கு அந்த வாரம் ஓடும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, எடுத்த எடுப்பில், "முடிவைச் சொல்லிருங்கக்கா" என்றாள்.

"ஏங்கண்ணு, வந்து படிச்சுக்கறேன்னு சொன்னியே?"

"இங்கன ஒரு ஜவுளிக்கடையில சேர்ந்துட்டேன்க்கா. அம்மையத் தனியா விட்டுட்டு இனி எங்க வர."

"அதெல்லாம் சொல்ல முடியாது போ" என்று போனை வைத்துவிட்டேன். அவளையும் திட்டினேன், அந்த அக்கா தங்கையையும் திட்டினேன். சாயங்காலம் பீரோவிலிருந்து பின்பாதியை எடுத்துக்கொண்டு நானே கூப்பிட்டேன். "சொல்ல மாட்டேன். படிச்சுக் காட்டறேன், கேளு" என்றேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கு ஓர் அத்தியாயம். நான் சத்தமாகப் படிப்பேன். அவள் "ம்" கொட்டுவாள், தங்கையைக் குறை சொன்னால் சண்டைக்கு வருவாள். போனை வைத்த பிறகு எனக்குக் காலை நீட்டி உட்கார அந்த டேபிள் வேண்டும் போலிருக்கும், பக்கத்தில் அவளும் வேண்டும் போலிருக்கும்.

இன்னும் இரண்டு அத்தியாயம்தான் பாக்கி. போன ஞாயிறு நாலு பக்கம் படித்ததும் தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொல்லி நிறுத்தினேன்.

"பையப் படிங்கக்கா" என்றாள். "எனக்கும் முடிக்க மனசில்ல."