மொட்டை மாடியில் ஒரு மக்களவை

ஏழு வயதில் நான் ஒரு மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்திருக்கிறேன். அஸ்தினாபுரத்தில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பூஜை மணியைக் கையில் பிடித்தபடி. இதைக் கணவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த மாலையின் நிறம் மாறிவிடுகிறது என்கிறார் அவர். ஒரு தரம் மழை மேகம் என்றேனாம், இன்னொரு தரம் மஞ்சள் வெயில் என்றேனாம். இரண்டும் இருந்ததாகத்தான் இப்போதும் தோன்றுகிறது. ஆனால் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

அப்போது அப்பா மஸ்கட்டில் வேலையில் இருந்தார். அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டில் இருந்தோம். எங்களுக்கென்று அங்கே இருந்தது ஒரு அறையும் பெரியப்பாவின் நல்ல மனசும்தான். பெரியம்மா, அவர்களுடைய இரண்டு பையன்கள், கல்யாணமாகாத சித்தப்பா, அப்பாவின் கடைசித் தங்கையான அத்தை என்று வீடு நிறைய ஆட்கள். அத்தை திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினாள். அங்கே லேத் ஓட்டும் ஒருவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அது வீட்டுக்குத் தெரிந்த நாளிலிருந்து அத்தை வேலைக்குப் போகவில்லை. அவளுடைய செல்போன் பெரியப்பாவின் பீரோவுக்குள் போனது. வேறொரு இடத்தில் பேச்சு நடந்தது, அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

பகலில் வாசலுக்குப் பூட்டெல்லாம் போடவில்லை. கூடத்தில் எப்போதும் யாராவது ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அத்தைக்கு நீண்ட லீவு கிடைத்திருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

என் மகளுக்கும் இப்போது ஏழு வயது. அவள் எதிர்வீட்டுக்குப் போனாலே நான் ஜன்னலில் போய் நின்றுகொள்கிறேன். அதனால் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் முன்போலக் கோபம் வருவதில்லை. வர வேண்டுமோ என்றும் சில சமயம் யோசிக்கிறேன்.

அந்த நாட்களில் டில்லியில் ஒரு பெரிய மசோதா விவாதத்தில் இருந்தது. காரணம் சொல்லாமல் ஆட்களைப் பிடித்து வைப்பது, கடிதங்களைப் பிரிப்பது, போனை ஒட்டுக்கேட்பது எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக முடிவு கட்டும் மசோதா. பெரியப்பா அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மக்களவையின் விதிகள் எல்லாம் மனப்பாடம். எம்.பி. யாராவது முறை தவறிப் பேசினால் டிவியைப் பார்த்து, "உட்காருய்யா, இது ஜீரோ ஹவர் இல்ல" என்று அதட்டுவார்.

ஓட்டெடுப்புக்கு முந்தைய நாள் பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல் எல்லோரும் மாடிக்கு வந்தோம். அத்தை தலைவலி என்று உள்ளறையில் படுத்துவிட்டாள். கூடத்தில் அன்று அம்மாவின் முறை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் ஒவ்வொன்றாக மிதந்து போயின.

சித்தப்பாதான் ஆரம்பித்தார். "டிவி இல்லாட்டி என்ன, நம்ம சபையை நாமளே கூட்டலாம். அண்ணா, மசோதாவை நீங்க கொண்டு வாங்க. நான் ஸ்பீக்கர்."

பெரியப்பாவுக்கு அதற்குமேல் அழைப்பு தேவைப்படவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே! குற்றம் இன்னதென்று சொல்லாமல் ஒரு மனுஷனை அடைத்து வைக்க எந்த அரசாங்கத்துக்கும் அதிகாரம் கிடையாது. அவன் யாரோடு பேசுகிறான் என்று கேட்கவும் கிடையாது!"

"உறுப்பினர் இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசலாம்" என்றார் சித்தப்பா.

"வேணாம் சித்தப்பா, ஏற்கெனவே குரோம்பேட்டை வரைக்கும் கேக்குது" என்றான் பெரிய அண்ணன். பிறகு அவனே எழுந்து, "எல்லாரையும் வெளிய வுட்டா தப்புப் பண்றவன் ஓடிப்போயிட மாட்டானா?" என்று கேட்டான்.

"ஓடட்டுமே! கோர்ட்டுல நிரூபிச்சுட்டுப் பிடி. அதுக்கு முன்னாடி கதவைச் சாத்த நீ யாரு?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரியப்பா அவ்வளவு அழகாகப் பேசி நான் கேட்டதில்லை. இன்றுவரைக்கும் சுதந்திரம் என்ற சொல்லைக் கேட்டால் முதலில் அந்தத் துண்டுதான் காற்றில் ஆடுகிறது.

குரல் ஓட்டில் பெரியப்பா தோற்றுப்போனார். அண்ணன்கள் இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். பெரியம்மாவும் 'இல்லை' பக்கம் சேர்ந்துகொண்டாள். "இங்கயாவது இவரை ஒரு தரம் எதிர்த்துக்கறேன்" என்றாள்.

"டிவிஷன்! தலை எண்ணித்தான் முடிவு சொல்லணும்" என்றார் பெரியப்பா. "மணி அடிக்கணும். அப்புறம் கதவைச் சாத்தணும். ரிசல்ட் சொல்ற வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது, வெளிய போகக்கூடாது."

"வூட்டு மாடிதானே, கதவெல்லாம் எதுக்குண்ணா?" என்றார் சித்தப்பா.

"விதின்னா விதிதான்."

மணி எடுக்க நான் கீழே ஓடினேன். உள்ளறையில் தலைவலிக்காரி இருட்டில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். தலைவலி சரியாகிவிட்டது போலும் என்று நினைத்தபடி மேலே ஓடினேன்.

அதற்குள் பெரியப்பா தலைகளை எண்ணிப் பார்த்திருந்தார். அவர் பக்கம் அவரும் நானும் மட்டும். எதிர்ப்பக்கம் மூன்று பேர். படியருகே போய்க் குரல் கொடுத்தார்.

"நீயும் மேல வாம்மா. ஒரு ஓட்டு குறையுது."

"இங்க யாராவது இருக்கணுமே மாமா" என்றாள் அம்மா.

"ரெண்டு நிமிஷம்தான், வா!"

அம்மா கீரை ஒட்டிய கையோடு வந்தாள். பெரியப்பா தன் கையாலேயே கதவைத் தாழிட்டார். நான் மணியை ஆட்டினேன். "டில்லிக்கே கேக்கணும்" என்றார் சித்தப்பா. பலம்கொண்ட மட்டும் ஆட்டினேன்.

கைகள் உயர்ந்தன. மூன்றுக்கு மூன்று. இனி சபாநாயகர் தன் ஓட்டைப் போட வேண்டும். சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு நன்றியுரையோடு தொடங்கினார். அப்போது கீழே இரும்பு கேட் கிறீச்சிட்டது.

"யாரோ கேட்டைத் தொறக்கறாங்க" என்று பெரியம்மா தலையைத் திருப்பினாள்.

அம்மா எழுந்து நின்றாள். பெரியப்பா முன்னால் உரக்கப் பேசி நான் பார்த்திராத அம்மா. "எண்ணிக்கை தப்பு. திரும்ப எண்ணுங்க!" என்றாள்.

பெரியப்பா கதவை ஒருமுறை பார்த்தார், அம்மாவை ஒருமுறை பார்த்தார். "உறுப்பினர் கேட்டா எண்ணித்தான் ஆகணும்" என்றார்.

மறுபடி கைகள் உயர்ந்தன. சித்தப்பா ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். முடிந்ததும் அம்மா, "நான் எந்தப் பக்கம் தூக்கினேன்னே தெரியல, இன்னொரு தரம்" என்றாள். அண்ணன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெருமுனையில் ஒரு பைக் உறுமிக் கிளம்பி, மெல்ல மெல்லத் தேய்ந்து போனது.

"மசோதா நிறைவேறியது" என்றார் சித்தப்பா. பெரியப்பாதான் அதிகமாகக் கைதட்டினார்.

கீழே கட்டில் காலியாக இருந்தது. பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன்கள் ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். பெரியப்பா கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "மசோதா பாஸ் ஆயிடுச்சுல்ல பெரியப்பா, அதான் அத்தை போயிட்டா" என்றேன். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் திரும்பி வந்து பெரியப்பாவோடு பேச வெகுநாள் ஆனது. மறுநாள் டில்லியில் ஓட்டெடுப்பு நடந்தபோது எங்கள் வீட்டில் யாரும் டிவி போடவில்லை.

அன்றிரவு கூடத்தில் நின்றிருந்த பெரியப்பா கடைசியில் அம்மாவிடம் திரும்பினார். "நீ ஏன்மா திரும்பத் திரும்ப எண்ணச் சொன்ன?"

அம்மா தரையைப் பார்த்தாள். "எனக்கு எண்ண வரல மாமா."

அவர் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

எனக்கு வருத்தமாகிவிட்டது. அம்மா பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவள். எனக்கு வாய்ப்பாடு சொல்லித்தருபவளே அவள்தான். கரண்ட் வந்ததும் கீரையை மறுபடி எடுத்து உட்கார்ந்தவள், உருவி முடித்த காம்பையே மறுபடி உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையை என் மடியில் இழுத்து வைத்து, விரல் விரலாகத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அம்மா கூடவே சொன்னாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது, உதடு சிரித்தது. பத்துவரை ஒரு பிழை இல்லை.

"பாத்தியா, வருதுல்ல?" என்றேன்.

"வருதுடி" என்றாள்.

பயத்தில் மறந்துபோன கணக்கு அம்மாவுக்குத் திரும்பி வந்துவிட்டது. நான் நிம்மதியாக விளையாடப் போனேன்.