என் மகள் கேட்ட தண்ணீர்

யுத்தத்துக்கு முந்தைய கோடையில் பாப்பாரப்பட்டிப் பக்கம் வாந்திபேதி பரவியது. அங்கே ஒரு சிற்றூரில் என் வீட்டுக்காரர் கிறிஸ்தவ சபையின் உபதேசியார். எங்கள் ஒரே மகளுக்கு நான்கு வயது.

ஒரு நாள் விடிந்ததும் அவளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. அவர் டாக்டரைத் தேடி ஓடினார். பக்கத்து நிலத்துக்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "தண்ணி மட்டும் குடுத்துராதம்மா. குடுத்தா நிக்காது. எங்க வூட்டுல ரெண்டு உசுரு அப்பிடித்தான் போச்சு" என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். நானும் நம்பினேன்.

"அம்மா, தண்ணி" என்றாள் மகள். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தேன். மறுபடி கேட்டாள். அவள் கண்ணில் படாதபடி பானையைக் கதவுக்குப் பின்னால் நகர்த்தினேன். உச்சிவெயில் ஏறியபோது குரல் அடங்கி உதடு மட்டும் அசைந்தது.

டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "தண்ணி எவ்வளவு குடுத்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். கொடுக்கவில்லை என்றேன். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை மற்ற வீடுகளிலாவது கொடுக்கச் சொன்னார்.

அதன்பின் அந்தக் குரல் என்னை விடவில்லை. மாவரைக்கும்போது கேட்டது, கிணற்றடியில் கேட்டது. கோயிலில் முழங்கால் போட்டால் ஜெபம் வராது, அதுதான் வரும். "தெரிஞ்சா செஞ்ச?" என்பார் என் வீட்டுக்காரர். எனக்குக் கடவுள் மேலும் பயம், பானை மேலும் பயம்.

அடுத்த வருஷம் பெரிய வெள்ளியன்று அவர் கோயிலில் இயேசுவின் பாடுகளை வாசித்தார். சிலுவையில் தொங்கியவர் தாகம் என்று சொல்லும் இடத்தில் என் வீட்டுக்காரர் குரல் உடைந்தது. சிறுவயதிலிருந்து கேட்ட வார்த்தைதான். அன்று அது என் மகள் குரலில் கேட்டது. அத்தனை மாதமும் ஆண்டவர் தூரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்திருந்தேன். அவர் என் மகளோடு அந்தப் பாயில், வறண்ட உதட்டோடு கிடந்திருக்கிறார். ஆறுதலாக இல்லை, திகிலாக இருந்தது. ஆனாலும் அன்று முதல் ஜெபிக்க முடிந்தது. குரல் நிற்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டேதான் ஜெபித்தேன்.

யுத்த காலத்தில் நோய் திரும்பி வந்தது. நிலத்துக்கார அம்மா படுத்துவிட்டாள். அவள் வீட்டார் பயந்து களத்துமேட்டுக்குப் போயிருந்தார்கள். எங்கள் கைத்தண்ணீரை அந்த வீட்டில் தொடமாட்டார்கள். தெரிந்தும் உப்புத்தண்ணீரோடு போனேன்.

"வேணாம், செத்துருவேன்" என்று கையைத் தட்டிவிட்டாள்.

"குடிங்கம்மா. எம்மவளுக்குக் குடுக்காம வுட்டுட்டேனுங்க."

தட்டிவிட்ட கையை இறக்கினாள். பிறகு வாயைத் திறந்தாள். இரண்டு நாள் கரண்டி கரண்டியாக ஊட்டினேன்.

எழுந்து உட்கார்ந்ததும் சுவரில் சாய்ந்து அழுதாள். "அன்னிக்கி நாந்தானே சொன்னேன்."

"நம்ம ரெண்டு பேருக்குமே தெரியலீங்க" என்றேன்.

மறுவாரம் கீழத்தெருவில் ஒருவர் நோயில் விழுந்தார். செய்தி கேட்டு நான் உப்புத்தண்ணீருக்கு அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தபோது, நிலத்துக்கார அம்மாவே தலையில் விறகு சுமந்து எங்கள் வாசலுக்கு வந்தாள்.