மொத்தம் மட்டும்

வெள்ளவத்தை லொட்ஜில் என் பக்கத்து அறையில் இருந்தவர் தடித்த கண்ணாடிக்காரர். கிரிக்கெட் மட்ச் பார்க்கவே மாட்டார். மறுநாள் பேப்பரில் வரும் ஸ்கோர் விபரத்தைத்தான், பெயர் பெயராகக் கட்டைவிரலை வைத்து வாசிப்பார்.

"இவன் எழுபது பந்துக்கு ஒன்பது ஓட்டம். மற்றவங்கள் எல்லாம் அவுட்டாகேக்க ஒருத்தன் நிண்டு பிடிச்சிருக்கிறான், தம்பி. மட்ச் பார்த்தவனுக்கு இவனை ஞாபகமிராது."

அதே பேப்பரின் முதல் பக்கத்தில், வடக்கில் நாற்பது பேர் பலி என்றிருந்தது.

"இதுக்குக் கீழ மட்டும் ஆர் ஆர் எண்டு ஏன் போடுறாங்களில்லை?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் விடியற்காலைப் பொலிஸ் சுற்றிவளைப்பில் அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் பேப்பர் வாங்கினேன். வெள்ளவத்தையில் பதினெட்டுப் பேர் கைது என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே கட்டைவிரலை வைத்தேன். அடுத்த செய்தியில் அரிசி விலை கூடியிருந்தது.